மிச்சம் விழுந்த போல்ட்டுகள்

ரெங்கராஜ் குவைத் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பியபோது சொந்தபந்தமெல்லாம் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. சென்ட் பாட்டில் வரும், பிஸ்தா வரும், பூப்போட்ட கம்பளி வரும் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. பெட்டியைத் திறந்தால் ஸ்பேனர். சின்னது, பெரியது, வளைந்தது, நிமிர்ந்தது என்று அடுக்கடுக்காக ஸ்பேனர். நடுவில் ஒரு சென்ட் பாட்டில் இருந்தது, அதுவும் இரும்பு ஒன்றோடொன்று மோதாமலிருக்க அணைவாகச் சொருகியது. புருஷன் வந்த சந்தோஷத்தில் பரிமளாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. வந்தவர்கள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அங்கே அவனுக்கு ஒரு கம்பெனிக் கிடங்கில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. ரூமுக்கு வந்தால் மற்றவர்கள் சினிமா பார்ப்பார்கள். இவன் வண்டி ரிப்பேர் வீடியோ பார்ப்பான். எந்த நாட்டுக்காரன் எந்தப் பாஷையில் பேசினாலும் கவலையில்லை, கை தெரிந்தால் போதும். அப்படிப் பார்த்துப் பார்த்தே, ஒரு வண்டியையும் தொடாமல் தான் மெக்கானிக் ஆகிவிட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு.

பரிமளா இலுப்பூருக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் அங்கன்வாடி டீச்சர். பஸ்ஸை நம்பினால் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அதனால் ஒரு பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தாள். அது ஓடினால்தான் அவள் ஓட முடியும். அவன் வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டவன் அவளுடைய அண்ணன் நாகராசு. கொடும்பாளூரில் மூவர்கோயிலுக்குத் திரும்புகிற முக்கில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான்.

வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது. வந்த புதிதில் ரெங்கராஜ் வண்டியை மச்சான் கடையில் விட்டான். வேலை முடிந்ததும் பர்ஸை எடுத்தான். நாகராசு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். தங்கச்சி வண்டிக்குக் காசு வாங்கினால் நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றான். ரெங்கராஜ் அவன் சட்டைப் பையில் திணித்தான். நாகராசு அதை எடுத்து ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி உள்ளே போட்டான். ரெங்கராஜ் மறுபடி எடுத்தான். இரண்டு பேரும் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்த வேகத்தைப் பார்த்து, சண்டை என்று நினைத்து ரோட்டில் போன இரண்டு பேர் விலக்கிவிட வந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த ரெங்கராஜ் உட்கார்ந்து யோசித்தான். மச்சான் காசு வாங்க மாட்டார். ஓசியில் எத்தனை தடவை போய் நிற்பது? மாப்பிள்ளை என்றால் ஒரு மரியாதை வேண்டாமா? சரி, வேறு மெக்கானிக்கிடம் காசு கொடுத்துப் பார்க்கலாம் என்றால், மச்சான் கடை இருக்கும்போது மாப்பிள்ளை வண்டி இன்னொருத்தன் கடையில் நின்றதாம் என்று பேச்சு கிளம்பும். நாகராசு வெளியே தலைகாட்ட முடியாது. ஆக, காசு கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் இருக்கவும் முடியாது, வேறு இடத்துக்குப் போகவும் முடியாது. இந்த ஜில்லாவில் பெண் எடுத்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய சிக்கல் இது. மிச்சம் இருக்கிற ஒரே வழி, தானே கழற்றுவது.

“இனிமே நம்ம வண்டிய நானே பாத்துக்கிறேன்” என்று பரிமளாவிடம் சொன்னான். “யாருக்கும் கடன்பட வேணாம்.”

அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் பழைய சேலையை விரித்து வேலையை ஆரம்பித்தான். வண்டி லேசாகத் திணறுகிறது, கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் போதும் என்றான். மத்தியானம் பரிமளா சாப்பிடக் கூப்பிடப் போனபோது, வண்டி உரித்துப் போட்ட கோழி மாதிரி கிடந்தது. கார்புரேட்டருக்கும் முன்சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தவள், அவன் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்துப் பேசாமல் திரும்பினாள். எத்தனையோ வருஷம் செல்போன் திரையில் மட்டும் பார்த்த முகம் அது. இப்போது கிரீஸோடு கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது.

சாயங்காலம் ஒருவழியாக எல்லாவற்றையும் பூட்டினான். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் சேலையின் ஓரத்தில் கொஞ்சம் போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்கும் மிச்சம் கிடந்தன. இது எதில் உள்ளது என்று பரிமளா கேட்டாள். கம்பெனிக்காரன் உபரியாக ரெண்டு வைத்துத்தான் அனுப்புவான் என்று ரெங்கராஜ் சொல்லிவிட்டு, அவற்றைக் குவைத் பால் பவுடர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தான்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது வண்டி தன் குணத்தைக் காட்டியது. பரிமளா ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி வேகத்தை விடவில்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு, வழியில் படுத்திருந்த நாயை எழுப்பிவிட்டு, எப்படியோ அண்ணன் கடைக்குள் கொண்டுபோய்ச் சொருகினாள். நாகராசு பேனலைக் கழற்றிப் பார்த்தான். ஆக்சிலேட்டரைத் திரும்ப இழுக்கிற ஸ்பிரிங்கையே காணோம். பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். அப்புறம் திடீரென்று சிரிப்பை நிறுத்தினான். மாப்பிள்ளை கை வைத்த வண்டியைத் தப்பு என்று அவனால் போய்ச் சொல்ல முடியாது. பரிமளாவாலும் முடியாது. எத்தனையோ வருஷம் கழித்து வந்த மனுஷன் முதன்முதலாக ஆசைப்பட்டுச் செய்த வேலை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகராசு வண்டியைச் சத்தமில்லாமல் சரிசெய்து கொடுத்தான். விட்டுப்போன ஸ்பிரிங்குக்கும் போல்ட்டுக்கும் புதுசு போட்டான்.

கிளம்பும்போது அவன் மூக்கு அவளுடைய தூக்குவாளிப் பக்கம் திரும்பியது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோன கருவாட்டுக் குழம்பில் பாதி மிச்சம் இருந்தது. அவன் பெண்டாட்டி அமராவதி ஏதோ ஒரு வேண்டுதலில் கவிச்சியை விட்டவள். தான் விட்டதோடு நிறுத்தாமல் வீட்டுக்கே தடைபோட்டு விட்டாள். அந்த வீட்டில் முட்டை உடைத்து எத்தனையோ காலமாகிறது. நாகராசு கை கழுவக்கூடப் பொறுமையில்லாமல் தூக்குவாளியை வாங்கி, மத்தியானம் மிஞ்சிய சோற்றில் கவிழ்த்துச் சாப்பிட்டான். கடைசிப் பருக்கையை வழித்த பிறகுதான் நிமிர்ந்தான்.

அதிலிருந்து அது ஒரு முறையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரெங்கராஜ் கழற்றிப் பூட்டுவான். டப்பாவில் நாலு போல்ட் விழும். திங்கட்கிழமை சாயங்காலம் பரிமளா கொஞ்சம் சுற்றிக்கொண்டு கொடும்பாளூர் வழியாக வருவாள். நாகராசு சரிசெய்வான். தூக்குவாளி காலியாகும். வண்டி குதிரை மாதிரி ஓடும். ரெங்கராஜ் தெருவில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பான். நம்ம கையில் ஏதோ இருக்கிறது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். பரிமளா காதில் விழும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

கருவாட்டுக்கு மட்டும் வீட்டில் பஞ்சமில்லை. சந்தைக்கு ரெங்கராஜ்தான் போவான். போனால் நெத்திலியும் வாளையும் பை நிறைய வாங்கி வருவான். மகள் சரண்யா புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டில் இருப்பது இரண்டு பேர், இத்தனை எதற்கு என்று பரிமளா சத்தம் போடுவாள். சல்லிசாகக் கிடைத்தது என்பான். இத்தனைக்கும் அவனுக்குக் கருவாடு அவ்வளவாக இறங்காது. ஒரு துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ரசத்துக்குப் போய்விடுவான். ஆனால் குழம்பைக் கொஞ்சம் கூடவே வை, மறுநாள் சுண்டவைத்தால்தான் ருசி என்று மட்டும் தவறாமல் சொல்வான்.

நாளாக ஆக அவன் போக்கில் ஒரு மாற்றம் தெரிந்தது. பெருமை பேசுவதைக் குறைத்துக்கொண்டான். நன்றாக ஓடுகிற வண்டியைக்கூடச் சில நாள் கழற்றி வைத்துக்கொண்டு, உள்ளே குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பான். என்னவென்று கேட்டால் சும்மாதான் என்பான். குவைத் ஞாபகம் வந்துவிட்டதோ என்று பரிமளாவுக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. திரும்ப வரச்சொல்லி விசா ஏஜென்ட் அடிக்கடி போன் போட்டுக்கொண்டிருந்தான்.

இதற்கிடையில் பால்காரர் ஆண்டிச்சாமி தன் மொபட்டைக் கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்தினார். உங்கள் வீட்டு ஸ்கூட்டர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துத்தான் வந்தேன் என்றார். ரெங்கராஜ் அதையும் கழற்றிப் பூட்டிக் கொடுத்தான். பரிமளா சும்மா இருக்கவில்லை. ஆண்டிச்சாமி பெண்டாட்டி அழகியைத் தனியே கூப்பிட்டு, எதற்கும் ஒரு தடவை எங்கள் அண்ணன் கடையில் காட்டிவிடுங்கள் என்று காதில் போட்டு வைத்தாள். மொபட் அதன் பாட்டுக்கு ஓடியது. அண்ணன் பார்த்திருப்பான் என்று அவளும் நிம்மதியாக இருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே ரெங்கராஜ் விஷயத்தைச் சொன்னான். இலுப்பூர் கடைவீதியில் ஒரு கடை காலியாகிறதாம். டூ வீலர் ஒர்க்‌ஷாப் போடப் போகிறானாம். வெள்ளிக்கிழமை காலையில் நல்ல நேரம், இரண்டு பேருமாகப் போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வரலாம் என்றான்.

“இது ஓடிருச்சுன்னா நான் ஏன் பரிமளா அங்கிட்டுப் போறேன்?” என்றான். “ஓடலைன்னாத்தான் யோசிக்கணும்.”

பரிமளா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். அவன் இங்கேயே இருக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது. ஆனால் அவனுக்கு வேலை தெரியாது என்பது அவளுக்கும் அண்ணனுக்கும் மட்டுமே தெரியும். உண்மையைச் சொன்னால் மனசு விட்டுப்போய் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான். சொல்லாவிட்டால் கடை போடுவான், வருகிற வண்டியெல்லாம் ஆக்சிலேட்டர் பிடித்துக்கொண்டு ஓடும், யாராவது பள்ளிக்கூடப் பிள்ளை பிரேக் பிடிக்காமல் விழுந்து வைக்கும், கடை மூடும், அப்போதும் விமானத்தில் ஏறத்தான் செய்வான். எப்படிப் பார்த்தாலும் அவன் போகிறவனாகவே தெரிந்தான். இத்தனை நாள் கமுக்கமாகச் சிரித்ததெல்லாம் இப்போது அவளுக்கே திரும்பி வந்தது.

திங்கட்கிழமை வரை காத்திருக்க முடியவில்லை. மறுநாளே, தூக்குவாளிகூட இல்லாமல், அண்ணன் கடையில் போய் நின்றாள். வெறுங்கையைப் பார்த்ததும் நாகராசு முகம் லேசாக வாடியது. பரிமளா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். பாதியில் கண்ணீரும் வந்துவிட்டது.

நாகராசு கையிலிருந்த வேஸ்ட் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

“ஆத்தா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிறாத” என்றான். “இப்பக் கொஞ்ச நாளா ஒன் வண்டியில நான் ஒண்ணுமே பாக்கல.”

“பின்ன என்ன செஞ்ச?”

“தொடச்சு விட்டேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தேன். அம்புட்டுத்தான். மாப்ள நல்லாவே பூட்டியிருக்காரு. பிரேக்கெல்லாம் நான் வைக்கிறத விட ஒரு நூலு நல்லா வைக்கிறாரு.”

அதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று பரிமளா கேட்டாள். நாகராசு கடைக்கு உள்ளே பார்த்தான், ரோட்டைப் பார்த்தான்.

“சொன்னா நீ வர மாட்டியே” என்றான்.

தங்கச்சி வரமாட்டாள் என்கிறானா, தூக்குவாளி வராது என்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்பது அவன் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. கோபப்பட வேண்டிய இடம்தான், ஆனால் கோபம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. தங்கச்சி அழுவதைப் பார்த்துவிட்டால் இந்த அண்ணன் எதையும் சொல்வான். மாப்பிள்ளை ஊரிலேயே இருக்கட்டும் என்று வாய் கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்து விட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வருகிற வழியில் நேராக அழகி வீட்டில் இறங்கினாள். மொபட்டை அண்ணன் கடையில் காட்டினீர்களா என்று கேட்டாள். அழகி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, அட நீ ஒருத்தி, நன்றாக ஓடுகிற வண்டியை எதற்கு அங்கே வரைக்கும் தள்ளிக்கொண்டு போகணும் என்றாள். ஆண்டிச்சாமி அந்த வண்டியில் மணப்பாறைச் சந்தை வரைக்கும் போய் வந்துவிட்டாராம். பாதி வழியில் நின்று திட்டு வாங்குகிற வண்டி, இப்போது போகிற இடமெல்லாம் திரும்பியும் வருகிறதாம்.

பரிமளா அங்கேயே தொழுவத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவனுக்கு வேலை வந்துவிட்டது. அதை ஆண்டிச்சாமி நம்பினார், அழகி நம்பினாள், அண்ணன்கூட நம்பினான். கட்டினவள் மட்டும் வாராவாரம் அவன் பூட்டியதை நம்பாமல் இன்னொருத்தன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அழகி தவிட்டுக் கையோடு அவளையே பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ரெங்கராஜ் வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராகிவிட்டான். வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் எல்லாம் தாம்பாளத்தில் இருந்தன. பரிமளா தாம்பாளத்தைக் கையில் எடுத்தாள். மறுபடி கீழே வைத்தாள். அவனுக்கு வேலை தெரியும் என்பது நல்ல சேதிதான். ஆனால் செய்த கள்ளத்தனத்தை மூடி வைத்துக்கொண்டு, அந்தக் கையாலேயே குங்குமம் எடுத்து வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

“ஏங்க, போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்” என்றாள்.

ஒன்று விடாமல் சொன்னாள். கார்புரேட்டர் ஸ்பிரிங்கிலிருந்து ஆரம்பித்து, வாராவாரம் கொடும்பாளூர் போனது, அண்ணன் புதுப் போல்ட் போட்டது, அழகி காதில் ஓதியது, எல்லாவற்றையும் தலையை நிமிர்த்தாமலே சொல்லி முடித்தாள்.  ரெங்கராஜ் எழுந்து ஷெட்டுப் பக்கம் போனான். ஏஜென்டுக்குப் போன் பண்ணத்தான் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

திரும்பி வந்தவன் கையில் பால் பவுடர் டப்பா. அதைத் தரையில் ஒரு பேப்பரை விரித்துக் கவிழ்த்தான். போல்ட்டும் நட்டும் வாஷரும் ஸ்பிரிங்குமாகக் குவிந்தன.

“இதெல்லாம் நான் பூட்டாம விட்டது” என்றான். “வண்டியப் போய்ப் பாரு. எங்கிட்டாச்சும் ஒரு ஓட்டை காலியா இருக்கா?”

பரிமளா நிமிர்ந்து பார்த்தாள்.

“கம்பெனிக்காரன் உபரியா வச்சான்னு ஒங்கிட்டச் சொன்னேன். என்னய நானே எத்தன நாளைக்கு ஏமாத்துறது? இங்க டப்பா நெறையுது, அங்க வண்டியிலயும் கொறையக் காணோம்.”

தெரிந்த அன்றைக்கு அவனுக்கு முதலில் கோபம்தான் வந்ததாம். அப்புறம் வெட்கம் வந்து, இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லையாம். மூன்றாவது என்னவென்றால், மச்சான் அதை எப்படிப் பூட்டியிருக்கிறார் என்று பார்க்க ஆசை வந்துவிட்டதாம். கழற்றிப் பார்த்தானாம். எந்த வாஷர் முன்னால், எந்த வாஷர் பின்னால், எந்த இடத்தில் இறுக்கணும், எந்த இடத்தில் விட்டுக் கொடுக்கணும் என்று, வீடியோக்காரன் வேகமாக ஓட்டிவிட்டுப் போனதெல்லாம் வண்டிக்குள்ளேயே இருந்ததாம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கை படிந்தது என்றான். தீபாவளிக்கு அப்புறம் டப்பாவில் ஒரு வாஷர்கூட விழவில்லையாம்.

“தெரிஞ்சும் ஏங்க எங்கிட்டச் சொல்லல?” என்று கேட்டாள்.

ரெங்கராஜ் போல்ட்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னான்.

“சொன்னா நீ அங்க போக மாட்ட. நீ போகலைன்னா தூக்கு போகாது. காசு குடுத்தா மச்சான் வாங்க மாட்டாரு. கருவாடு வாங்குவாருல்ல?”

பை நிறைய நெத்திலி, சல்லிசு என்ற சால்ஜாப்பு, குழம்பைக் கூடவே வை என்ற உத்தரவு, எல்லாம் பரிமளாவுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கருவாடு பிடிக்காத மனுஷன் வாராவாரம் கருவாட்டுக் கடையில் நின்று பொறுக்கியிருக்கிறான். வாங்காத கூலியை வாங்க வைத்திருக்கிறான், அதையும் அவள் கையாலேயே. இப்படி ஒரு புருஷனைப் போய் வேலை தெரியாதவன் என்று நினைத்தோமே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. அதே நேரம் இத்தனை நாளும் சுமைகூலி இல்லாமல் தன்னைத் தூக்குவாளி தூக்க வைத்திருக்கிறானே என்று ஆத்திரமும் வந்தது. கையில் அகப்பட்ட வெற்றிலையால் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு நல்ல நேரம் முடிவதற்குள் கிளம்பினார்கள். வழியில் ஏஜென்ட் போன் அடித்தது. ரெங்கராஜ் எடுக்கவில்லை.

கடை திறப்புக்கு நாகராசு பெண்டாட்டி அமராவதியோடு முதல் ஆளாக வந்துவிட்டான். அவனே தேங்காய் உடைத்தான். உடைத்த கையோடு தன் பைக்கை ஓட்டிக்கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தி, ப்ளக் பாருங்க மாப்ள என்றான். ஊருக்கெல்லாம் ப்ளக் பார்க்கிறவன் தன் ப்ளக்கை இன்னொருவர் கையில் கொடுப்பதைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. ரெங்கராஜ் கழற்றினான், தேய்த்தான், இடைவெளியைச் சரிபார்த்தான், பூட்டினான். ஒரு உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. பரிமளா குனிந்து தரையைப் பார்த்தாள். ஒன்றும் மிச்சம் கிடக்கவில்லை.

நாகராசு சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினான். ரெங்கராஜ் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

“மச்சான்கிட்டக் காசா? நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“போணிக்கு ஓசி கெடையாது மாப்ள” என்றான் நாகராசு. “மொத வண்டிக்குக் காசு வாங்கலைன்னா கடை வெளங்குமா?”

அவன் திணித்தான், இவன் தள்ளினான். நோட்டு கசங்கியது. ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு விலக்கிவிட வந்தார். பரிமளா பொறுத்துப் பார்த்தாள். பிறகு நடுவில் புகுந்து நோட்டைப் பிடுங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து, கல்லாவில் போட்டு இழுத்து மூடினாள்.

ரெங்கராஜுக்குத் தோற்றுப்போன மாதிரி இருந்தது. அப்படியென்றால் இனிமேல் நான் கொடுத்தாலும் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மச்சானிடம் பிடிவாதமாகச் சொன்னான். நாகராசு திரும்பிப் பார்த்தான். அமராவதி தூரத்தில் தேங்காய்ச் சில்லுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான். பரிமளாவுக்கும் கேட்டது.

“நீங்கதான் வாராவாரம் குடுத்துட்டீங்களே மாப்ள. அந்த நெத்திலியப் பாத்தாலே தெரியாதா? எந்தங்கச்சிக்குக் கருவாடு பாத்து வாங்கவே தெரியாது.”

பரிமளா ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள். அவளை வைத்துக்கொண்டே இரண்டு பேரும் இத்தனை நாள் கொடுக்கல் வாங்கல் நடத்தியிருக்கிறார்கள். ரகசியத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான். நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது, அதுவும் அடக்க முடியாமல். என்ன விஷயம் என்று அமராவதி கேட்டாள். ஒன்றுமில்லை அண்ணி, ப்ளக் விஷயம் என்று பரிமளா முந்திக்கொண்டு சொன்னாள். நாகராசு தேங்காய்ச் சில்லு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தப்பித்தான்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலமும் பரிமளாவின் ஸ்கூட்டர் மூவர்கோயில் முக்கில் நின்றது. தூக்குவாளியில் வாளைக் கருவாட்டுக் குழம்பு இருந்தது. வண்டியில் ஒரு பழுதும் இல்லை.